1794 கப்பல் காசில் பச்சை ஏறுகிறது, அவசரமாக உதவி வேண்டும்

ராரிட்டன்கரை:
வணக்கம். என்னிடம் ஒரு பழைய செம்புக் காசு இருக்கிறது, 1794ஆம் வருடத்தது. ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் கையில் கோலோடு ஒரு பெண் நிற்கிறாள். இங்கே நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் டப்பாச் சில்லறையோடு சேர்ந்து வந்தது. மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் பச்சைப் பச்சையாக ஏதோ ஏறியிருக்கிறது. ஊரில் செம்புக் குடத்துக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன், பெண் இருக்கும் பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் இரண்டு மாதத்தில் எழுத்தோரமாக மறுபடியும் பச்சை. அரித்து ஓட்டை விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? அசல்தானா என்றும் சொல்லுங்கள், விளிம்பில் எழுத்து எதுவும் இல்லை. சனிக்கிழமை ஒருவரிடம் காட்டப் போகிறேன், அதற்குள் பதில் தேவை.

செம்புப்பெட்டி:
படம் எங்கே நண்பரே? இரண்டு பக்கமும், முடிந்தால் விளிம்பும் எடுத்துப் போடுங்கள். கப்பலைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது? எடை எவ்வளவு, குறுக்களவு எவ்வளவு? இந்த மூன்று வருடமும் எதில் போட்டு வைத்திருந்தீர்கள்? அப்புறம், பச்சை என்றால் எப்படிப் பச்சை? கட்டியாக ஒட்டியிருக்கிறதா, பொடியாக உதிர்கிறதா, விரலில் பிசுபிசுக்கிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பழங்காசுப்பித்தன்:
வருடத்துக்கு நான்கு முறை இதே கேள்வி வருகிறது, ஒவ்வொரு முறையும் காசைத் தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். தம்பி, செம்புக் காசின் மதிப்பே அதன் தோலில்தான் இருக்கிறது. இருநூறு வருடம் காற்றோடு சேர்ந்து உண்டான பழுப்பு நிறம் அது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் ஐந்து நிமிடத்தில் அதை உரித்துவிடும், திரும்ப வராது. குடத்தைத் தேய்க்கலாம், காசைத் தேய்க்கக் கூடாது. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் சேகரிப்பில் இறங்கக் கூடாது.

அடுத்தது, விளிம்பில் எழுத்து இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் எனக்கு இது வார்ப்பு நகலாகத்தான் தெரிகிறது. விளிம்பைச் சுற்றி, வார்ப்பின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில், ஒரு தையல் கோடு ஓடுகிறதா பாருங்கள். 1973இல் அமெரிக்காவில் வந்த சட்டப்படி நகல் காசில் ‘காப்பி’ என்று பொறித்திருக்க வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் செய்தவற்றில் அந்த முத்திரை இருக்காது. விற்பனை டப்பாக்களில் கிடப்பவற்றில் பாதி இந்த ரகம்தான்.

தேம்ஸ்_தவம்:
பித்தன் அண்ணா, படமே பார்க்காமல் நகல் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

தம்பி, கப்பல், 1794, கோல் பிடித்த பெண் என்றால் என் மனதில் வருவது ஒன்றுதான். கப்பலைச் சுற்றி ‘டால்பட் ஆலம் அண்ட் லீ’ என்றும், பெண்ணைச் சுற்றி ‘லிபர்ட்டி அண்ட் காமர்ஸ்’ என்றும் இருக்கிறதா? கோலின் நுனியில் ஒரு தொப்பி, பக்கத்தில் ஒரு சரக்குப் பொதி? அதுதான் என்றால் உங்களிடம் இருப்பது அரசாங்கக் காசு அல்ல, வியாபாரி டோக்கன். நியூயார்க் பேர்ல் தெரு 241ஆம் எண்ணில் கடை வைத்திருந்த டால்பட், ஆலம், லீ என்ற மூன்று பங்காளிகள் வெளியிட்டது. இந்தியாவோடு கப்பல் வியாபாரம் செய்தவர்கள், கப்பல் படம் அதனால்தான். ஆனால் காசு அடித்தது நியூயார்க்கில் இல்லை, இங்கிலாந்தில், பர்மிங்காமில், பீட்டர் கெம்ப்சனின் பட்டறையில்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் டோக்கன்களைத் தெரிந்துகொண்டால் விளிம்பின் அருமை புரியும். 1775க்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் லண்டன் அக்கசாலை செம்புச் சில்லறை அடிக்கவே இல்லை. கடைகளில் கள்ளக்காசு நிறைந்துவிட்டது. 1787இல் ஆங்கிள்சி தீவின் பாரிஸ் சுரங்கக் கம்பெனி ட்ரூயிட் என்ற பழங்காலப் பூசாரியின் தலை போட்ட பென்னியை அடித்தது, பிறகு ஊருக்கு ஊர் வியாபாரிகள் ஆரம்பித்துவிட்டார்கள். இந்தக் காசைக் கொண்டுவந்தால் எந்தக் கடையில் மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதியை விளிம்பில்தான் பொறிப்பார்கள். உங்கள் 1794 காசின் விளிம்பில் ‘பேயபிள் அட் தி ஸ்டோர் ஆஃப்’ என்று இருக்க வேண்டும், அதைப் படித்துவிட்டுக் கப்பல் பக்கம் திருப்பினால் கடைக்காரர் பெயர் வரும், வாக்கியம் முடிந்துவிடும். 1795இல் அடித்ததில் விளிம்பு வாசகம் வேறு, ‘வீ ப்ராமிஸ் டு பே தி பேரர் ஒன் சென்ட்’. எழுத்தில்லாத விளிம்போடும் சில உண்டு, ஆனால் அபூர்வம். அதனால் நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் சாய்த்து இன்னொரு முறை பாருங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்கு மேலே ‘நியூயார்க்’ என்ற சொல் இருக்கிறதா? இல்லை என்றால் அது வேறு கதை, அந்த வகை மிகக் குறைவு.

ராரிட்டன்கரை:
ஆமாம் அண்ணா, டால்பட் ஆலம் அண்ட் லீ தான். நியூயார்க் என்றும் இருக்கிறது. ஒரு படம் போட்டிருக்கிறேன், கைப்பேசியில் எடுத்தது, தெளிவு போதாது. தராசு இல்லை. மெத்தென்ற பிளாஸ்டிக் பை வைத்த ஆல்பம் ஒன்றில் வைத்திருந்தேன், புளி போட்ட பிறகும் அதிலேயேதான் திரும்ப வைத்தேன்.

வேதிவாத்தி:
அந்த ஆல்பம்தான். முதலில் காசை அதிலிருந்து வெளியே எடுங்கள், மற்ற காசுகள் இருந்தால் அவற்றையும்.

மெத்தென்று வளையும் அந்தப் பை பிவிசி. அது வளைவதற்காக எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள், நாளாக ஆக அது வெளியே கசியும். பிவிசியும் சிதைந்து கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். இரண்டும் செம்பில் பட்டால் பச்சைப் பசை. தொட்டால் ஒட்டும், எழுத்துகளின் இடுக்கிலும் விளிம்பிலும் போய்த் தங்கும். புளி மேலோட்டமாகத் தேய்த்திருக்கும், இடுக்கில் இருந்தது அப்படியே இருந்திருக்கும். போதாததற்குப் புளியைச் சரியாகக் கழுவியிருக்கவும் மாட்டீர்கள், மிச்சமிருக்கும் அமிலமும் செம்பைப் பச்சையாக்கும். அதனால் இரண்டு காரணமும் சேர்ந்திருக்கலாம்.

ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் பகுதியில் சுத்தமான அசிட்டோன் தகர டப்பாவில் கிடைக்கும். நகப்பூச்சு எடுக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசைப் போட்டு மூடி வையுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். சில மணி நேரம் கழித்துப் புது அசிட்டோனில் மறுபடியும் அலசுங்கள். தேய்க்கக் கூடாது, பஞ்சால்கூட. அசிட்டோன் செம்பையோ பழுப்புத் தோலையோ தொடாது, பிசினை மட்டும் கரைக்கும். அதனால் இதுவே ஒரு பரிசோதனையும்தான். பச்சை கரைந்தால் பிவிசி, கரையாமல் நின்றால் அது களிம்பு அல்லது அதைவிட மோசமான ஒன்று.

பழங்காசுப்பித்தன்:
நீங்கள் நாள் கடத்துகிறீர்கள். ஒருமுறை எடுத்த பச்சை இரண்டு மாதத்தில் திரும்பி வந்தால் அது வெண்கல நோய். செம்புக்குள் குளோரைடு புகுந்துவிட்டது, காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அமிலம் உண்டாகும், அமிலம் செம்பைத் தின்னும், மறுபடி குளோரைடு. தானாக நிற்காது. என்னிடமிருந்த 1787 கனெக்டிகட் காசு ஒன்று இப்படித்தான் குழி குழியாகப் போனது, மழைக்காலம் முடிவதற்குள் வருடத்து எண்ணே தெரியவில்லை. உடனே சோடியம் செஸ்குவிகார்பனேட் என்ற சோடா உப்புக் கரைசலில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். பல வருடம் செம்போடு பழகிய அனுபவத்தில் சொல்கிறேன்.

வேதிவாத்தி:
நோயே இல்லை என்று நான் சொல்லவில்லை ஐயா. செஸ்குவிகார்பனேட் பழுப்புத் தோலின் நிறத்தை மாற்றிவிடக்கூடும், ஒரு பக்கம் ஏற்கெனவே போய்விட்டது, இன்னொரு பக்கத்தையாவது காப்பாற்றுவோம் என்றுதான் அசிட்டோனை முதலில் வைக்கிறேன். அதில் இழப்பு எதுவும் இல்லை.

ஒன்டாரியோ_ஓலை:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். இதை ‘அமெரிக்கக் காலனிக் காசுகள்’ பிரிவில் ஏன் போட்டிருக்கிறார்கள்? 1776இல் சுதந்திரம் அறிவித்துவிட்டார்கள், 1783இல் பிரிட்டன் ஒப்புக்கொண்டுவிட்டது. 1794இல் எங்கே காலனி?

பழங்காசுப்பித்தன்:
உலகத்துச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வகைப்பாடு அது. அமெரிக்கர்களின் ‘சிவப்புப் புத்தகம்’ என்ற காசு விலைக் கையேட்டில் முன்பகுதியிலேயே மாசசூசெட்ஸ் பைன் மரக் காசு, நியூ ஜெர்சியின் குதிரைத்தலைக் காசு, இந்த டால்பட் டோக்கன் எல்லாம் ஒன்றாகத்தான் வருகின்றன. ‘காலனி’ என்பது பழக்கத்தில் நின்ற பெயர். இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

தேம்ஸ்_தவம்:
இருக்கிறது அண்ணா. எங்கள் பக்கம், பிரிட்டனில், டால்டன், ஹேமர் இருவரும் செய்த டோக்கன் பட்டியலிலும் இது இருக்கிறது. பர்மிங்காமில் அடித்த காசு, பிரிட்டிஷ் டோக்கன் முறை, விளிம்பு வாசகம்கூட அதே பாணி. இங்கே சேகரிப்பாளர்களுக்காகவே அச்சுகளை மாற்றிப் பொருத்தி விளையாடியும் இருக்கிறார்கள், ஒரு பக்கம் சிறைச் சீர்திருத்தக்காரர் ஜான் ஹோவர்டின் தலை, மறுபக்கம் டால்பட் அச்சு என்று ஜோடி சேராத காசுகள் உண்டு. அப்படிப்பட்ட காசு நியூயார்க் கடையில் புழங்குவதற்காகவா அடித்தார்கள்?

பழங்காசுப்பித்தன்:
அச்சடித்த ஊரை வைத்துக் காசின் நாட்டைச் சொன்னால் 1773 வர்ஜீனியா அரைப்பென்னியையும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், அதுவும் லண்டனில் அடித்ததுதானே. எங்கே செலவழிக்கக் கொடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. டால்பட் டோக்கன்கள் நியூயார்க்குக்குக் கப்பலில் வந்தன, அங்கே கைமாறின, கடைசியில் பிலடெல்பியா அக்கசாலையே அவற்றை வாங்கியது. செம்புத் தகடு கிடைக்காத தட்டுப்பாட்டில் டோக்கன்களை வட்டமாக வெட்டிச் சின்னதாக்கி அதன்மேல் 1795, 1797 அரை சென்ட்டுகளை அடித்தார்கள். இன்றைக்கும் சில அரை சென்ட்டுகளில் டால்பட்டின் எழுத்து மிச்சம் மங்கலாகத் தெரியும். அரசாங்கக் காசின் உடம்பாகவே ஆகிவிட்ட ஒன்றைப் பிரிட்டிஷ் என்கிறீர்கள்!

ஒன்டாரியோ_ஓலை:
அந்த அரை சென்ட் விஷயம் எனக்குத் தெரியாது, மிக்க நன்றி. ஆனால் ஒன்று. 1793லேயே அரசாங்க சென்ட் வந்துவிட்டதே, அதன் எடை 208 கிரெய்ன், கிட்டத்தட்ட பதின்மூன்றரை கிராம். டோக்கனிலும் ‘ஒன் சென்ட்’ என்றுதான் இருக்கிறது, ஆனால் அது பிரிட்டிஷ் அரைப்பென்னி அளவு, செம்பு குறைவு. பேர்ல் தெருவில் அதை யாராவது முழு சென்ட்டாக வாங்கியிருப்பார்களா?

தேம்ஸ்_தவம்:
வாங்கியிருப்பார்கள். அரசாங்க சென்ட் போதிய அளவு வெளியே வரவில்லை, எடை குறைந்த கள்ள அரைப்பென்னியையே வாங்கிப் பழகியவர்கள் அவர்கள். பெயர் தெரிந்த கடைக்காரன் மாற்றித் தருகிறேன் என்று விளிம்பில் எழுதிக் கொடுத்தால் அது அவர்களுக்கு மேல்தான்.

செம்புப்பெட்டி:
தம்பி கேட்டது பச்சைக்கு வைத்தியம், நாம் நாட்டுரிமை பேசிக்கொண்டிருக்கிறோம். ராரிட்டன்கரை, அசிட்டோன் போட்டீர்களா? எடை இன்னும் வரவில்லை. சமையலுக்கான மின் தராசு போதும், ஆனால் தசமம் காட்ட வேண்டும்.

ராரிட்டன்கரை:
போட்டேன். ஒரு இரவு ஊறியது, அசிட்டோன் இளம்பச்சையாகிவிட்டது. கப்பல் பக்கம் சுத்தம், பழுப்பு நிறம் அப்படியே இருக்கிறது. விளிம்பில் அடைத்திருந்த பசை கழன்றதும் எழுத்து வந்துவிட்டது, ‘பேயபிள் அட்’ நன்றாகத் தெரிகிறது, மிச்சம் தேய்ந்திருக்கிறது. எடை 9.4 கிராம், குறுக்கே 29 மில்லிமீட்டர். புளி போட்ட பக்கம் மட்டும் பெண்ணின் காலடியில் குண்டூசித் தலையளவு வெளிர் பச்சைப் புள்ளி ஒன்று போகவில்லை. ஆல்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

தேம்ஸ்_தவம்:
அருமை! எடையும் அளவும் சரியாக இருக்கிறது, விளிம்பும் பேசிவிட்டது. எனக்குச் சந்தேகம் இல்லை, அசல்தான். 1794இல் அதிகம் கிடைக்கும் வகை, ஆனாலும் நல்ல காசு. சனிக்கிழமை காட்டும்போது புளி போட்டதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பழங்காசுப்பித்தன்:
விளிம்பைப் பற்றி நான் சொன்னது தவறு, அசல் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புள்ளியைப் பற்றி மட்டும் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

வேதிவாத்தி:
புள்ளி விஷயத்தில் ஐயா சொல்வதை ஒதுக்க முடியாது. மரக்குச்சியின் கூரான நுனியால் அந்தப் பொடியை மட்டும் மெதுவாகத் தட்டி எடுங்கள். பிறகு மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சை ஒரு மூலையில் வைத்து, காசில் படாமல், ஒரு நாள் வையுங்கள். மறுபடி வெளிர் பச்சைப் பொடி பூத்தால் நோய்தான், அப்போது காய்ச்சி வடித்த நீர், செஸ்குவிகார்பனேட் எல்லாம் பேசுவோம். பூக்கவில்லை என்றால் பழைய தழும்பு. எப்படியானாலும் இனி பிவிசி இல்லாத மைலார் பிளாஸ்டிக் உறையில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புள்ளியைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போட முடியுமா?

செம்புப்பெட்டி:
ராரிட்டன்கரை, சனிக்கிழமை போய் இரண்டு வாரம் ஆகிறது. புள்ளி என்ன ஆயிற்று?