நாக்பூர் மாற்றலும் நான் விட்ட டிக்கெட் காசும்

2018 நவம்பரில் சென்னையிலிருந்து நாக்பூருக்கு மாற்றல் வந்தது. மத்திய அரசு வேலை, பே லெவல் 6, அடிப்படைச் சம்பளம் 41,100. ஆர்டரில் நான் பார்த்தது ரிலீவ் ஆகும் தேதியை மட்டும்தான். பக்கத்து சீட் அண்ணன், பழுத்த சர்வீஸ்காரர், வாங்கிப் படித்துவிட்டு, "பொது நலன் கருதின்னு போட்டிருக்கான், தப்பிச்சே தம்பி" என்றார். 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்றிருந்தால் பயணப்படி ஒரு பைசா தேறாதாம். அதே பட்டியலில் இருந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. எந்த ஊர் வேண்டும் என்று கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார், அதையே விருப்பம் என்று ஆக்கிவிட்டார்கள். திருத்தி வாங்க எட்டு மாதம். லாரி வாடகை நகைக்கடனில் போனது.

எனக்கு மாற்றல் மானியம் (ஊர் மாறும் செலவுக்கு மொத்தமாகத் தரும் தொகை) அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம், அதாவது 32,880. ரயிலில் ஏ.சி. இரண்டடுக்கு. சாமான் 6,000 கிலோ வரை, லாரியென்றால் கி.மீ.க்கு 50 ரூபாய் உச்சவரம்பு. எங்கள் வீட்டில் கிரைண்டர், பீரோ எல்லாம் சேர்த்தாலும் ஒன்றரை டன் வராது!

மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. அதனால் நான் மட்டும் முதலில் போனேன். சென்னையில் 24 சதவீதமாக இருந்த வீட்டு வாடகைப்படி நாக்பூரில் 16 ஆனது. 9,864 வந்த இடத்தில் 6,576. ஆனால் வாடகை இரண்டு வீட்டுக்கும் கட்டினேன். குடும்பம் எங்கே இருக்கிறது என்பதல்ல கணக்கு, ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறது என்பதுதான்.

அப்புறம்தான் கோட்டை விட்டேன். "பயணப்படி பில்லுக்கு ஒரு வருஷம் டைம் இருக்கு, எல்லாம் சேர்த்துப் போடு" என்று அண்ணன் சொல்லியிருந்தார். குடும்பமும் சாமானும் ஏப்ரலில் வந்து சேர, மே மாதம் மொத்தமாக பில் வைத்தேன். அந்த ஒரு வருஷத்தை 2018 மார்ச்சிலேயே 60 நாளாகக் குறைத்துவிட்டார்களாம். ஏப்ரல் பயணமும் லாரியும் 60 நாளுக்குள் வந்ததால் பிழைத்தன. நவம்பரில் நான் வந்த டிக்கெட் போயே போச்சு. மானியத்துக்கு விளக்கக் கடிதம் எழுதி, அது நாலு மேஜை ஏறி இறங்கி, ஆகஸ்டில் வந்தது.

அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். "அப்படியா, எப்போ மாத்தினாங்க?" என்றார்.