ஹோட்டல் கார்டு ரினிவல் வருது, வச்சுக்கறதா மூடிடறதா?

வேளச்சேரிவாசி:
மேரியட் பான்வாய் ஹெச்டிஎஃப்சி கார்டுங்க, மேரியட் ஹோட்டல்காரங்களோட பாயின்ட் திட்டம்தான் பான்வாய், அதோட சேந்த கிரெடிட் கார்டு. அடுத்த மாசம் பில்லுல ரினிவல் ஃபீஸ் வந்து உக்காந்துரும், 3,000 ப்ளஸ் 18% ஜிஎஸ்டி, ஆக 3,540. அதுக்கு ஒரு ஃப்ரீ நைட் தருவாங்க, 15,000 பாயின்ட்டுக்குள்ள இருக்கற ரூம். நாங்க நாலு பேரு, வருஷத்துக்கு ரெண்டு ட்ரிப் போனாலே பெரிசு, அதுல ஒண்ணு சொந்த ஊரு. போன தடவை கிடைச்ச நைட்ட வீணாக்கக் கூடாதேன்னு கடைசி நேரத்துல ஈசிஆர் பக்கம் கிளம்பிப் போனோம், ரூமுக்கு காசு இல்ல, ஆனா ராத்திரி சாப்பாடு காலைல பஃபே பசங்களுக்கு ஐஸ்க்ரீம்னு நாங்களே இஷ்டத்துக்கு ஆர்டர் பண்ணி 7,000 தாண்டிடுச்சு. திரும்பி வர்றப்ப கோவளத்துல டீக்கடைல வண்டிய நிறுத்தினோம், வீட்டம்மா கிளாஸ கையில வச்சுக்கிட்டே "இதுக்குப் பேரு ஃப்ரீயா?"ன்னாங்க. நான் பன்னு சாப்பிடறியான்னு பேச்ச மாத்திட்டேன்.
என்ன பண்ணலாம்?

கணக்குப்புள்ள:
சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான் சார் இது. 9,000 ரூபா ரூம்னா 7,500-க்கு மேல போறதால 18% ஜிஎஸ்டி சேர்ந்து 10,620, அத 3,540-க்கு தர்றான்னு பாத்தா லாபம் மாதிரி தெரியும். ஆனா கார்டு இல்லன்னா நீங்க 10,620 குடுத்து தங்குவீங்களா? மாட்டீங்க, 3,000 ரூபா ரூம்தான் போடுவீங்க, அப்ப உங்களுக்கு அந்த நைட்டோட மதிப்பு 3,000தான்.
பாயின்ட்ட நம்பியும் வச்சுக்காதீங்க. சாதா செலவுக்கு 150 ரூபாய்க்கு 2 பாயின்ட், வருஷம் 2 லட்சம் தேச்சாலும் 2,666தான் வரும். பெட்ரோல், வாடகைக்கு அதுவும் கிடையாது. ரெண்டாவது ஃப்ரீ நைட்டுக்கு 6 லட்சம் தேய்க்கணும், நம்ம சம்பளத்துக்கு ஆவற வேலையா. கார்டோட வர்ற சில்வர் எலீட் மெம்பர்ஷிப்ல காலை டிபன் கிடையாது, லேட் செக்கவுட் கேக்கலாம், அதுவும் அன்னிக்கு ரூம் காலியா இருந்தா.

மவுண்ட்ரோட் மச்சி:
தல நான் மூணாவது வருஷமா வச்சிருக்கேன், ஆபீஸ் வேலையா அடிக்கடி பெங்களூர் போறதால எனக்கு ஓடுது. ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. ஒண்ணு, கைல பாயின்ட் இருந்தா ஒரு அளவு வரைக்கும் அந்த நைட்டோட சேத்துக்கலாம், 15,000-க்கு மேல கேக்கற ரூமுக்கும் போகலாம். ரூமுக்கு எத்தன பாயின்ட்ங்கறது தேதிக்குத் தேதி மாறும், பொங்கல் லீவு, லாங் வீக்கெண்டுன்னா எகிறிடும், செவ்வா புதன்ல பாருங்க. ரெண்டாவது, தங்கி முடிக்கறதே எக்ஸ்பயரிக்குள்ள இருக்கணும். புக் பண்ணிட்டா போதும்னு நினைச்சு ஒரு நைட்ட கோட்ட விட்டேன், விதிய படிக்காதது என் தப்பு, யார திட்டறது. பசங்களுக்கு ஸ்கூல் இருக்கற வீட்டுக்கு வார நாள்ல போறது கஷ்டம்தான், அத நீங்கதான் பாத்துக்கணும்.

அடையாறு அக்கா:
மூடறதா இருந்தா ஃபீஸ் விழறதுக்கு முன்னாடியே மூடுங்க தம்பி. பாக்கிய சுத்தமா கட்டிட்டு க்ளோஷர் ரிக்வஸ்ட் குடுங்க. 2022-ல வந்த ஆர்பிஐ விதிப்படி ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், தவறினா நாளுக்கு 500 ரூபா அவங்க தரணும், பாக்கி இல்லன்னா மட்டும். அதனால ரிக்வஸ்ட் நம்பர ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, நான் எல்லாத்தையும் எடுத்து வைப்பேன், என் பொண்ணு சிரிப்பா. வீட்டு லோன் ஏதாவது அப்ளை பண்ற ஐடியா இருந்தா கார்ட மூடறத கொஞ்சம் தள்ளிப் போடுங்க, மொத்த லிமிட் குறைஞ்சா அதே செலவு பெரிய சதவீதமா தெரியும், சிபில்ல லேசா அடி விழும். பான்வாய் கணக்குல ஏற்கனவே சேந்த பாயின்ட் கார்ட மூடினா போகாது, ஆனா 24 மாசம் எந்த அசைவும் இல்லன்னா போயிடும்.

வேளச்சேரிவாசி:
எல்லாருக்கும் நன்றிங்க. பிப்ரவரில மதுரைல மச்சினன் கல்யாணம், அங்க மேரியட்டோட கோர்ட்யார்ட் ஹோட்டல் ஒண்ணு இருக்கே, அத வச்சு இந்த வருஷம் ஓட்டிடலாம்னு வீட்டுல மெதுவா பேச்ச எடுத்தேன். "கல்யாண வீட்டுக்காரங்களே மண்டபத்துல ரூம் போட்டுருக்காங்க, தனியா ஹோட்டல்ல போய் தங்கினா எங்க அம்மா என்ன நினைப்பாங்க"ன்னு ஒரே போடு. கணக்குப்புள்ள சார் கணக்குப்படி அந்த நைட்டோட மதிப்பு இப்ப பூஜ்யம். பாக்கி 1,180 இருந்துச்சு, கட்டிட்டேன். க்ளோஷர் ரிக்வஸ்ட்டும் போட்டாச்சு, ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்துட்டேன்க்கா.