'கவுண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை எல்லா இடத்திலும் 'எண்ணிக்கை' என்று எழுதலாமா?

கேள்வி: கரூர் வீட்டு ஜவுளி

அனைவருக்கும் வணக்கம். கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துண்டு ஆகியவற்றைத் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் தர விவரங்களை எளிய தமிழில் எழுதி, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் ஆகிய பிரிவுகளின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த விவரங்களில் 'கவுண்ட்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 'யார்ன் கவுண்ட் 40' என்று ஓரிடத்திலும், 'த்ரெட் கவுண்ட் 200' என்று அடுத்த வரியிலும், 'கார்ட்டன் கவுண்ட் 24' என்று பேக்கிங் பகுதியிலும் இருக்கிறது. இவை போதாவென்று, எங்கள் மாதிரிகள் 'டூ கவுண்ட்ஸ்' அடிப்படையில் நிராகரிக்கப்பட்டன என்று ஒரு மின்னஞ்சலும், அக்டோபர் கப்பலுக்கு எங்களைக் 'கவுண்டிங் ஆன்' என்று இன்னொரு மின்னஞ்சலும் வந்துள்ளன. எல்லாவற்றுக்கும் 'எண்ணிக்கை' என்ற ஒரே சொல் பொருந்துமா, இல்லை இடத்துக்கு இடம் மாற்ற வேண்டுமா?

இதனோடு சேர்ந்த இன்னொரு ஐயமும் உண்டு. நாற்பதாம் கவுண்ட் நூலைவிட அறுபதாம் கவுண்ட் நூல் மெல்லியது என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். எண் கூடினால் நூல் தடிக்கத்தானே வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் கேட்கும்போது, அவர்களுக்கு விளங்கும்படி விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பதில் 1: கோவை நூற்பாலை ஆய்வகம்

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது விளங்கிவிட்டால் முதல் கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

பருத்தி நூலுக்கு நம் பகுதி ஆலைகளில் வழங்கும் கவுண்ட், ஆங்கில முறையைச் சேர்ந்தது. 840 கெஜம் நீளமுள்ள நூலை ஒரு ஹேங்க் என்பார்கள். கைத்தறிக்காரர்களுக்குச் சிட்டம் என்றால் விளங்கும். ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 453.6 கிராமுக்கு, எத்தனை ஹேங்க் நூல் நிற்கிறதோ அதுவே அந்த நூலின் கவுண்ட். நாற்பதாம் கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில் 40 ஹேங்க், அதாவது 33,600 கெஜம் நூல் இருக்கிறது. அறுபதாம் கவுண்டில் அதே ஒரு பவுண்டுப் பருத்தியை 50,400 கெஜத்துக்கு இழுத்திருக்கிறோம். எடை மாறாமல் நீளம் கூடினால் நூல் மெலிந்தே ஆக வேண்டும். எண்ணப்படுவது தடிமன் அன்று, ஒரு குறிப்பிட்ட எடைக்குள் அடங்கும் ஹேங்குகள் என்பதை மட்டும் அந்தப் பெண்களிடம் சொல்லுங்கள். இறால் வியாபாரத்திலும் இதே கணக்குதான் நடக்கிறது. ஒரு கிலோவுக்கு 30 நிற்கும் இறால் பெரியது, 100 நிற்கும் இறால் சிறியது. முந்திரிப் பருப்பில் 320 என்று தரம் குறிப்பதும் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ அத்தனை பருப்பு நிற்கும் என்ற பொருளில்தான். 240 என்று குறித்த பருப்பு அதைவிடப் பெரியதாக இருக்கும்.

ஆய்வகத்தில் நாங்கள் ஒரு பவுண்டு நூலை அளந்துகொண்டிருப்பதில்லை. ஒன்றரை கெஜம் சுற்றளவுள்ள ராட்டில் 80 சுற்றுச் சுற்றினால் 120 கெஜம் கிடைக்கும். அதற்கு லீ என்று பெயர். ஏழு லீ சேர்ந்தது ஒரு ஹேங்க். அந்த லீயைத் தராசில் வைத்து, 64.8 என்ற எண்ணை அதன் கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். 1.62 கிராம் நின்றால் நாற்பதாம் கவுண்ட், 1.08 கிராம் நின்றால் அறுபதாம் கவுண்ட். முடிந்தால் இரண்டு லீக்களை எடுத்து உங்கள் பயிற்சி அறையிலேயே நிறுத்துக் காட்டுங்கள்.

எல்லா நூலும் இந்தக் கணக்கில் வருவதில்லை என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். பாலியஸ்டர் போன்ற இழைநூலுக்கு டெனியர் என்ற அளவு உண்டு. அது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை. டெக்ஸ் என்பது 1,000 மீட்டரின் கிராம் எடை. இவ்விரண்டிலும் நீளம் நிலையானது, எடைதான் எண்ணாகிறது என்பதால், எண் கூடினால் நூல் தடிக்கும். 590.5ஐ ஆங்கிலக் கவுண்டால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும். கோவையில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய 1888இல் இருந்த பவுண்டும் கெஜமும் மற்றப் பெரும்பாலான கணக்குகளிலிருந்து போய்விட்டன. மீட்டரிலும் கிலோவிலும் வாங்கி விற்கும் இந்தக் காலத்திலும் நூலின் கவுண்டில் அவை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சொல்லைப் பொறுத்தவரை, நூலுக்குக் 'கவுண்ட்' என்றே எழுதுங்கள் என்பது என் கருத்து. பழைய நெசவாளர்கள் 'நாற்பதாம் நம்பர் நூல்' என்பார்கள், அதுவும் சரியே. 'எண்ணிக்கை 40' என்று எழுதினால் நாற்பது கோன், அதாவது நாற்பது நூல் உருளை, வந்திருக்கிறது என்று கிடங்கில் இருப்பவர் நினைத்துக்கொள்வார்.

பதில் 2: கோபி ஆங்கில ஆசிரியர்

ஆய்வக நண்பர் நூலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மின்னஞ்சல்களில் வரும் சொல் வேறு வழியில் கிளைத்தது என்பதால், அதையும் பலகையில் 'கவுண்ட்' என்று விட்டுவிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக் கூட்டலில் இரண்டு 'கவுண்ட்' இருக்கின்றன. கணக்கிடுதல் என்ற பொருள் தரும் லத்தீன் வினையான 'கம்ப்யூட்டாரே' பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது ஒன்று. அதே வினை தேயாமல் வந்ததுதான் 'கம்ப்யூட்' என்பதால், கவுண்டும் கம்ப்யூட்டரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 'அக்கவுண்ட்' என்பதும், காசை எண்ணிய மேசைக்குப் பெயராகி இன்று கடையின் பணம் கட்டும் இடத்தைக் குறிக்கும் 'கவுண்டர்' என்பதும் இந்த வழியைச் சேர்ந்தவையே. கடைசியாகச் சொன்னதைத் தமிழில் தனியே எழுதினால் நம் கொங்கு நாட்டில் அது வேறு பொருள் தந்துவிடும். 'பில் கவுண்டர்' என்று சேர்த்து எழுதுவது நல்லது. மற்றொரு 'கவுண்ட்' ஐரோப்பியப் பிரபுக்களின் பட்டம். வெப்பத்தைப் பற்றி இயற்பியல் பாடத்தில் படித்த கவுண்ட் ரம்ஃபோர்டின் பெயரில் இருப்பது அதுதான். துணைவன் என்ற பொருள் கொண்ட 'கோமெஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. 'கவுண்டி' என்ற நிலப்பிரிவின் பெயரும் அதன் வழிப்பட்டதே. இங்கிலாந்தில் அதே நிலைப் பிரபுவை 'ஏர்ல்' என்று அழைத்துவிட்டு, அவர் மனைவியை மட்டும் 'கவுண்டஸ்' என்று அழைப்பது அந்த மொழியின் விசித்திரங்களில் ஒன்று. உங்கள் துணிமூட்டைக்குப் பிரபுக்களால் தொல்லை எதுவும் வராது என்பதால் அவர்களை இத்துடன் விடுகிறேன்.

முதல் 'கவுண்ட்' எண்ணுதலில் தொடங்கி, எண்ணுதலே இல்லாத இடங்களுக்கும் சென்றுவிட்டது. நீதிமன்றத்தில் ஒருவர் மீது 'மூன்று கவுண்ட்' என்றால் மூன்று தனித்தனிக் குற்றச்சாட்டுகள் என்று பொருள். அந்த வழக்கிலிருந்துதான் 'டூ கவுண்ட்ஸ்' பேச்சுக்கு வந்தது; உங்கள் மாதிரிகளை 'இரண்டு காரணங்களுக்காக' நிராகரித்திருக்கிறார்கள், இரண்டு மாதிரிகளை நிராகரித்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் எதைத் திருத்த வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும். 'கவுண்டிங் ஆன்' என்பது நம்பியிருத்தல். 'அக்டோபர் கப்பலுக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்' என்று எழுதுங்கள். 'டஸ் நாட் கவுண்ட்' என்று எங்காவது வந்தால் 'கணக்கில் சேராது' என்பது அப்படியே பொருந்தும், ஏனென்றால் தமிழிலும் நாம் எண்ணாத பொருளைக் கணக்கில் சேர்க்கவும் தள்ளவும் செய்கிறோம். 'லாஸ்ட் கவுண்ட்' என்றால் எண்ணிக்கை தவறிவிட்டது என்று பொருள். கடைசி எண்ணிக்கை என்று படிக்கிறவர்களை வகுப்பில் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பதில் 3: சோமனூர் விசைத்தறி

இரண்டு பேரும் த்ரெட் கவுண்டைத் தொடவில்லை. வீட்டு ஜவுளியில் வழக்கு வருவது பெரும்பாலும் அதில்தான்.

த்ரெட் கவுண்ட் என்பது உண்மையிலேயே எண்ணிக்கை. ஒரு அங்குலத்துக்குள் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை நூல் எத்தனை என்று தனித்தனியாக எண்ணிக் கூட்டினால் அது வந்துவிடும். உங்கள் தாளில் '40×40/110×90' என்று எழுதியிருந்தால், முதல் இரண்டு எண்களும் பாவு, ஊடை இரண்டின் நூல் கவுண்ட், பின் இரண்டும் அங்குலத்துக்கு 110 பாவு, 90 ஊடை என்பது, கூட்டினால் 200. ஒரே வரியில் இரண்டு வகைக் கவுண்ட் இருப்பதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். முன்னதை 'நூல் கவுண்ட்' என்றும் பின்னதை 'அங்குலத்துக்கு இழை எண்ணிக்கை' என்றும் எழுதிவிட்டால் குழப்பத்துக்கு வேலையில்லை.

ஆனால் இந்த எண்ணிக்கையை எங்கே எண்ணுவது என்பதைக் கட்டாயம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தத் தறியில் பூட்டும் சீப்புப் போன்ற ரீடின் கணக்கு ஒன்று, தறியிலிருந்து இறங்கிய கோராத் துணியின் கணக்கு வேறு, சலவையும் சாயமும் முடிந்து சுருங்கிய துணியின் கணக்கு இன்னும் வேறு. துணி சுருங்கினால் அங்குலத்துக்குள் இழைகள் நெருங்கி எண்ணிக்கை ஏறிவிடும். கோராவுக்குச் சொன்ன எண்ணை முடிந்த துணியில் தேடியவர்களாலும், முடிந்த துணிக்குச் சொன்ன எண்ணைக் கோராவில் கேட்டவர்களாலும் எங்கள் பக்கம் நெய்த துணி திரும்பி வந்திருக்கிறது; கூலிக்கு ஓட்டுகிறவனுக்கு அதில் மிஞ்சுவது ஒன்றும் இல்லை.

600, 1000 என்று கடைகளில் போட்டு விற்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு அங்குலத்துக்குள் எத்தனை நூலை நெருக்க முடியும் என்பதற்கு எல்லை உண்டு. இரண்டு இழை முறுக்கிய நூலை இரண்டாக எண்ணியும், பாவின் ஒரே திறப்பில் மெல்லிய ஊடைகள் பலவற்றைச் சேர்த்து விட்டு ஒவ்வொன்றையும் தனியாக எண்ணியும் அந்தப் பெரிய எண்களை வரவழைக்கிறார்கள். முறுக்கு நூலின் இழைகளைப் பிரித்து எண்ணுவது வாங்குபவர்களைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைய அலுவலர்கள் 2005ஆம் ஆண்டிலேயே கடிதம் எழுதினார்கள். எண் பெரியதாக இருந்தும் தொட்டுப் பார்த்தால் சாக்குப்போல இருக்கும் விரிப்புகளை நானே பார்த்திருக்கிறேன்; 60ஆம் கவுண்ட் கோம்டு நூலில் (குட்டை இழைகளைச் சீவி நீக்கி நூற்றது) நேர்மையாக நெய்த 300 அதைவிட நன்றாக இருக்கும்.

பதில் 4: ஈரோடு மருத்துவ ஆய்வகப் பணியாளர்

நான் ஜவுளித் துறையைச் சேர்ந்தவள் அல்ல. ஆனால் பேக்கிங் பலகையில் 'கவுண்ட் குறைந்தால் உடனே தெரிவிக்கவும்' என்று எழுதிவிடாதீர்கள் என்று சொல்லத் தோன்றியது. டெங்கு பரவும் மாதங்களில் எங்கள் ஆய்வகத்தின் வாசலில் எல்லோர் வாயிலும் இருப்பது 'கவுண்ட் எவ்வளவு' என்ற ஒரே கேள்விதான். அவர்கள் கேட்பது ரத்தத் தட்டணுக்களை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. அதே தாளில் வெள்ளை அணுக்களின் கவுண்டும் இருக்கும்; அது 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டும். 'கவுண்ட் ஏறியிருக்கிறது' என்று மருத்துவர் வெள்ளை அணுவைச் சொல்லியிருப்பார், தட்டணு ஏறிவிட்டது என்று உறவினர்கள் நிம்மதியடைவார்கள். ஏறியது நோய்த்தொற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். எதனுடைய கவுண்ட் என்பதைச் சேர்க்காமல் அந்தச் சொல்லை எழுதுவதே சரியில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்: கரூர் வீட்டு ஜவுளி

நூலுக்கு 'நூல் கவுண்ட்', துணிக்கு 'அங்குலத்துக்கு இழை எண்ணிக்கை', பெட்டிக்குப் 'பெட்டிக்கு 24 உருப்படி' என்று எழுதி, மின்னஞ்சல்களில் வந்தவற்றை ஆசிரியர் ஐயா சொன்னபடி மாற்றிக்கொள்கிறேன். 'டூ கவுண்ட்ஸ்' என்பதைத் திரும்பப் படித்ததில், தையல் நெருக்கமும் நிறமும் என்ற இரண்டு காரணங்களும் அதன் கீழேயே இருந்தன.

ஆய்வக ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். வேறொரு வாடிக்கையாளரின் தாளில் '2/40' என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் 'என்எம்' என்ற இரண்டு எழுத்துகளும் இருக்கின்றன. இதுவும் நாற்பதாம் கவுண்ட்தானா?

பதில் 5: கோவை நூற்பாலை ஆய்வகம்

இல்லை, அந்த இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டு நூலுக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். 'என்எம்' என்பது மெட்ரிக் கவுண்ட்: ஒரு கிராம் எடைக்கு எத்தனை மீட்டர் நூல் என்ற கணக்கு. ஆங்கிலக் கவுண்டுக்கு 'என்இ' என்று போடுவார்கள். ஆங்கிலக் கவுண்டை 1.693ஆல் பெருக்கினால் மெட்ரிக் கவுண்ட் வரும். ஆகவே நம் நாற்பதாம் கவுண்ட் மெட்ரிக்கில் ஏறத்தாழ 67.7, அவர்கள் கேட்கும் மெட்ரிக் 40, நம் கணக்கில் 23.6 மட்டுமே, அதாவது நீங்கள் நினைப்பதைவிடத் தடித்த நூல்.

முன்னால் உள்ள 2 என்பது இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கியது என்பதைக் குறிக்கிறது. சேர்ந்த நூலின் தடிமன் மெட்ரிக் 20க்கு, நம் கணக்கில் ஏறத்தாழ 11.8க்குச் சமம். சிலர் இதையே '40/2' என்று திருப்பி எழுதுவார்கள், பொருள் ஒன்றுதான். பலகையில் எழுதும்போது 'மெட்ரிக் 40, இரட்டை முறுக்கு' என்று முழுதாகவே எழுதிவிடுங்கள். கொள்முதல் பிரிவுக்கும் அதே சொற்களில் ஒரு நகலை அனுப்புங்கள்.