ஸ்கூல்ல ஊசி போட பேரன்ட்ஸ் மறுக்குறாங்க, எப்படி பேசுறது?

சாக்பீஸ்:
அரசு நடுநிலைப்பள்ளில வேலை பாக்குறேன். அடுத்த வாரம் பிஎச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) இருந்து வந்து அஞ்சாங்கிளாஸ் பசங்களுக்கு டிடி ஊசி போடப் போறாங்க, அதான் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து போடுறது. கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல யாரோ ஒரு வாய்ஸ் நோட் போட்டாங்க, எங்கயோ ஊசி போட்டதும் பொம்பளப் புள்ளைங்க வரிசையா மயங்கி விழுந்துச்சாம், எந்த ஊரு எந்த ஸ்கூல்னு ஒன்னுமே இல்ல, ஆனா அதுக்கப்புறம் பாதி பேரு "எங்க புள்ளைக்கு வேணாம் டீச்சர்"னு மெசேஜ். டிபார்ட்மென்ட் போஸ்டரை ஃபார்வர்ட் பண்ணிட்டு விட்டுருங்கங்குறாரு எச்எம். அதைப் பாத்து யாரும் மனசு மாறுவாங்கனு எனக்குத் தோணல. சமாளிச்ச அனுபவம் இருந்தா சொல்லுங்க.

புதன்கிழமை நர்ஸ்:
நான் விஎச்என், அதான் கிராம சுகாதார நர்ஸ். 2017 பிப்ரவரில எம்ஆர் ஊசி (தட்டம்மை, ரூபெல்லாவுக்குப் போடுறது) வந்தப்போ இதேதான் நடந்துச்சு, 9 மாசக் குழந்தைல இருந்து 15 வயசு வரைக்கும் போடணும், வாட்ஸ்அப்ல வதந்தி கிளம்பி ஸ்கூல் ஸ்கூலா மறுப்பு, மாசக் கடைசில முடிய வேண்டியது மார்ச்சுக்குத் தள்ளிப்போச்சு. நாங்க போய் "பாதுகாப்பானது பயப்படாதீங்க"னு சொன்ன இடத்துல எல்லாம் சந்தேகம்தான் அதிகமாச்சு. எம்ஆர் போட்டா ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு சில குழந்தைக்கு காய்ச்சல் வரும், லேசா தடிப்பு வரும், அதை முன்னாடியே சொல்லிட்டா வந்தாலும் பதற மாட்டாங்க. சொல்லாம விட்டா அந்தத் தாய் அடுத்த ஊசிக்கு நம்ம மூஞ்சியவே பாக்காது.

மயக்கம் பத்தி கேட்டீங்க. அது நடக்குறதுதான், பொய்னு சொல்லிராதீங்க. ஊசி பயத்துல ஒரு புள்ள விழும், அதைப் பாத்து இன்னொன்னு விழும், மருந்துல கோளாறு இல்ல. டிபன் சாப்பிட வச்சு கூட்டிட்டு வாங்க, க்யூல நிக்கிற புள்ளைங்களுக்கு ஊசி போடுறது தெரியாத மாதிரி தனி ரூம் வைங்க, போட்டப்புறம் அரை மணி நேரம் உக்கார வைங்க. கை வலிக்கும், வீங்கலாம், அதையும் சொல்லிருங்க.

ரெண்டு புள்ளைக்கு அப்பன்:
நர்ஸக்கா சொன்னதுக்கு மேல ஒன்னு. எங்களுக்கு கோபம் ஊசி மேல இல்ல, கேள்வி கேட்டா "படிச்சவங்களுக்குத் தெரியாதா, கையெழுத்து போடுங்க"ங்குற பேச்சு மேல. ஒரு தடவை ஆஸ்பத்திரில என் பொண்ணுக்கு என்ன ஊசி போட்டீங்கனு கேட்டதுக்கு கார்டுல இருக்கு பாருங்கனு சொன்னாங்க, கார்டுல எழுதுனது யாருக்கும் புரியாது. அப்போ வாய்ஸ் நோட் போடுறவன்தான் ஒழுங்கா உக்காந்து பேசுற மாதிரி தோணும்ல.

கூடல்நகர்:
நடிகர் விவேக் சார் விஷயத்தை நினைச்சுப் பாருங்க. 2021 ஏப்ரல் 15 கொரோனாவுக்கு கோவாக்சின் ஊசி போட்டாரு, மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி போயிட்டாரு. ரத்தக்குழாய் அடைப்பு, ஊசிக்கு சம்பந்தமில்லனு டாக்டர்களும் ஹெல்த் செக்ரட்டரியும் உடனே சொன்னாங்க, யாரு கேட்டா? ஊசி காரணமில்லனு மத்திய அரசு கமிட்டி அறிக்கை வெளில வந்தது அக்டோபர்ல. ஆனா அதுக்கு முன்னாடியே செப்டம்பர் 12 தமிழ்நாடு முழுக்க நடந்த மெகா கொரோனா தடுப்பூசி முகாம்ல ஒரே நாள்ல 28 லட்சத்துக்கு மேல போட்டாங்க. அறிக்கைய படிச்சுட்டா வந்தாங்க? ரெண்டாவது அலைல பாத்த சாவு ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரன் போட்டுட்டு நல்லா இருக்கான்ங்குறது இன்னொரு பக்கம். உங்க குரூப்லயே ஒத்துக்கிட்ட அம்மாக்கள் இருப்பாங்க, அவங்கள பேச விடுங்க. டீச்சர் புள்ள அதே வயசுனா இன்னும் நல்லது.

சாக்பீஸ்:
என் புள்ள காலேஜ் போயிருச்சு 😄 சத்துணவு அக்கா பேரன் அஞ்சாங்கிளாஸ்தான், அவங்கள கேக்குறேன். மீட்டிங் வச்சா நர்ஸ் வருவாங்களா? இங்க பாதி பேரு கூலி வேலை, பகல்ல வர மாட்டாங்க.

புதன்கிழமை நர்ஸ்:
கேட்டா வருவோம், ஆனா புதன் வேணாம், அன்னைக்கு தடுப்பூசி நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வைங்க, ஸ்கூல்ல வேணாம், தெருவுலயே வைங்க. அந்த வாய்ஸ் நோட்டை அங்க எல்லாருக்கும் சத்தமா போட்டுக் காட்டிட்டு அப்புறம் பேச ஆரம்பிங்க. மறுநாள் யாருக்காச்சும் காய்ச்சல்னா யாருக்கு போன் பண்றதுனு உங்க ஏரியா நர்ஸ் நம்பரை வாங்கிக் குடுத்துருங்க, ராத்திரினா 104 ஹெல்ப்லைன். இன்னும் வேணாம்ங்குறவங்கள அன்னைக்கு கட்டாயப்படுத்தாதீங்க, பேர மட்டும் குறிச்சு வைங்க, அடுத்த புதன் சென்டர்ல போட்டுக்கலாம்.