விற்ற கிட்டாரைத் திரும்ப வாங்கினேன்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

கம்பிக்காரன், நியூஜெர்சி:

2009 மார்ச்சில் விற்ற கிட்டாரை 2022 டிசம்பரில் திரும்ப வாங்கினேன். அதே மாடலில் இன்னொன்று என்று நினைத்துவிடாதீர்கள். அதே கிட்டார்தான். ரொம்ப நாளாக எழுத நினைத்தது, இன்றைக்குத்தான் கை வந்தது. உங்கள் கதைகளையும் எழுதுங்கள், எந்த வாத்தியமானாலும் சரி.

முதலில், ஆர்ச்டாப் கிட்டார் பார்த்திராதவர்களுக்காக. அது வயலினுக்கு அண்ணன் முறை. மேல்பலகை தட்டையாக இருக்காது. தடிமனான ஸ்ப்ரூஸ் மரக்கட்டையை உளியால் செதுக்கி, நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் கொண்டுவருவார்கள். வட்டத் துளை கிடையாது. வயலினில் இருப்பது போல இரண்டு பக்கமும் எஃப் துளைகள். கிப்சன் கம்பெனி 1922ல் எல்-5 என்ற மாடலைக் கொண்டுவந்தபோது எலெக்ட்ரிக் கிட்டார் என்ற ஒன்றே சந்தையில் இல்லை. ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் கத்துகிற பெரிய பேண்டுக்கு நடுவே கிட்டாரும் காதில் விழ வேண்டுமே, அதற்குக் கைகொடுத்த வாத்தியம் இது. குரல் இனிப்பாக இருக்காது, பட்டென்று தெறித்துச் சீக்கிரம் அடங்கிவிடும். முதல் தடவை கேட்கிறவர்கள் "என்னப்பா, வறட்சியா இருக்கு" என்பார்கள். எனக்கு அந்த வறட்சிதான் பிடிக்கும்.

நான் மேதை ஒன்றும் இல்லை. கவுன்ட் பேஸியின் ஜாஸ் பேண்டில் 1937ல் சேர்ந்து 1987ல் சாகும்வரை ஐம்பது வருடம், தனி ஆவர்த்தனத்துக்கு ஆசைப்படாமல், தாளத்துக்குக் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) மட்டுமே வாசித்த ஃப்ரெடி கிரீன்தான் என் ஆதர்சம். ஒரு அடிக்கு ஒரு வெட்டு. நானும் அப்படித்தான், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், ஏழாவதைத் தாண்டி அதிகம் போக மாட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பழைய நல்ல ஆர்ச்டாப் வாங்க எனக்கு வசதி இல்லை. மன்ஹாட்டன் கென்மேர் தெருவில் ஜான் டி'ஏஞ்சலிகோ 1932 முதல் 1964ல் இறக்கும்வரை ஆயிரத்துக்கும் மேல் கிட்டார் செய்தார். அவற்றின் இன்றைய விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் 2005 கடைசியில் பென்சில்வேனியாவில் தனி ஆளாகப் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனேன். 6,500 டாலர், பதினான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார். சம்மதித்தேன்.

நடுவில் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஒரு தடவை அவர் மேல்பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டித் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சந்தையில் நம் பாட்டிகள் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவார்களே, அதே முகபாவம். தட்டுவார், உள்பக்கம் சுரண்டு தகட்டால் இரண்டு இழுப்பு இழுப்பார், மறுபடி தட்டுவார். சத்தம் மாறியதா என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாறிவிட்டது என்று சொல்லி வைத்தேன்.

சாயம் எதுவும் வேண்டாம், மரத்தின் நிறமே போதும் என்றிருந்தேன். வார்னிஷ் காய்ந்ததும் வெளிர் மஞ்சளில் தாழம்பூ மடல் மாதிரியே இருந்தது. அதனால் பெயரும் தாழம்பூ. உள்ளே ஒட்டுகிற லேபிளில் அதைத் தமிழில் எழுத முடியுமா என்று கேட்டேன். ஒரு தாளில் நான் எழுதிக் கொடுத்ததை அவர் கோலம் போடுவது போலப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 'ழ'வின் வாலை மட்டும் இசைக் குறியீடு மாதிரி சுழித்து நீளமாக இழுத்துவிட்டார். அப்புறம், ம் மேலே இருந்த புள்ளியை விட்டுவிட்டார். அழுக்கு என்று நினைத்திருப்பார் போல. நான் கவனித்தபோது லேபிள் உள்ளே ஒட்டியாகிவிட்டது. 'தாழமபூ'. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

2007 பிப்ரவரியில் கைக்கு வந்தது. 2009 தொடக்கத்தில் வேலை போனது. அந்த வருடம் அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. விசா ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம். ஒஹாயோவிலிருந்து ஒரு பள்ளி இசை ஆசிரியர் எட்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தார். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து இருபது நிமிடம் வாசித்தார். நான் சமையலறையில் காபி போட்டுக்கொண்டே கேட்டேன். என் கிட்டார் அப்படியெல்லாம் பாடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். 4,200 டாலருக்குப் போனது.

ஐந்தாவது வாரம் வேலை கிடைத்துவிட்டது. அதுதான் கடுப்பு.

உடனே அவருக்கு ஃபோன் செய்தேன். தர முடியாது என்று தன்மையாகச் சொன்னார். "என்றைக்காவது விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்" என்று, விற்றவன் எல்லோரும் சொல்கிற வசனத்தை நானும் சொல்லி, மெயில் முகவரி கொடுத்தேன். எந்த முகவரி? புது ஆபீஸ் முகவரி. 2012ல் அந்த ஆபீஸை விட்டேன், முகவரியும் செத்தது. அவர் எழுதினாரோ, எழுதவில்லையோ. என் முட்டாள்தனத்துக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. பிறகு நான் கூப்பிட்டபோது அவர் நம்பரும் மாறியிருந்தது.

செய்த பெரியவரும் சில வருடங்களில் காலமாகிவிட்டார். இன்னொன்று செய்யச் சொல்லவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்கும் இட்லிக்கும் நடுவே, விற்பனைத் தளங்களில் அவர் பெயரைத் தட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. 2022 நவம்பரில் ஒரு நாள் ஒன்று வந்தது. பஃபலோவில் ஒருவர் போட்டிருந்தார். பதினான்கு படங்கள். நிறம் ஆழமான தேன் கலரில் இருந்ததால் முதலில் சந்தேகம். ஒன்பதாவது படம், எஃப் துளை வழியாக எடுத்த லேபிள். பாதி எழுத்து நிழலில். கீழே "தாய்லாந்து எழுத்து என்று நினைக்கிறேன்" என்று குறிப்பு. நிழலுக்கு வெளியே அந்தச் சுழித்த வால் மட்டும் தெரிந்தது.

விலை 7,800. வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "விட்ட காசை விட ஜாஸ்தி குடுத்து வாங்குறீங்க. வட்டின்னு நினைச்சுக்குங்க. ஆனா மறுபடி வித்தீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை போனேன். பேரம் பேசும் தைரியம் இல்லை. விலை ஏறிவிடுமோ என்ற பயத்தில், விற்றவன் நான்தான் என்பதைப் பணம் கொடுத்த பிறகுதான் சொன்னேன். இதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் அவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

குளிரில் ஆறரை மணி நேரப் பயணம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறக்கக் கூடாது. சில்லிட்ட மரம் சட்டென்று சூட்டைப் பார்த்தால் மேல்பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். மூடியபடியே கூடத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் எங்கே வந்தது.

காலையில் திறந்து, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கீழ்க்கம்பி பக்கத்து எஃப் துளைக்கு அருகே ஒரு விரிசல், உள்ளே சின்னச் சின்ன மரத்துண்டு ஒட்டி நன்றாகவே சரி செய்திருந்தார்கள். மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் கருங்காலிக் குதிரையை எடுத்துவிட்டு உலோகக் குதிரை வைத்திருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஜனவரியிலேயே மாற்றிவிட்டேன். ஃப்ரெட்டுகளைப் பார்த்தபோதுதான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏழுக்கு மேலே, பன்னிரண்டு, பதினான்கு வரை, முதல் மூன்று கம்பிகளுக்கு அடியில் நல்ல தேய்மானம். நான் போகாத தெருக்களில் எல்லாம் யாரோ வருடக்கணக்காக நடந்திருக்கிறார்கள். அந்த இடங்களில் இப்போது கிட்டார் தானாகவே திறந்து பாடுகிறது. 2007ல் அப்படி இல்லை என்று சத்தியம் செய்வேன். அல்லது 2007ல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

கடைசியாக லேபிள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். ம் மேலே புள்ளி இருந்தது. பெரியவர் எழுதியது கறுப்பு மை. புள்ளி நீலம்.

—

பலாக்கொட்டை, கும்பகோணம்:

அண்ணா, அந்தப் புள்ளிக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கதை உங்களுடையதில் பாதிதான்.

எங்கள் வீட்டில் ஒரு தஞ்சாவூர் ஏகாண்ட வீணை இருந்தது. உருண்டையான குடமும் கழுத்தான தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தது, ஒட்டு கிடையாது. அம்மாவுடையது, பிறகு என்னுடையது. 1998ல் எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட அப்பா விற்றார். எனக்குச் சொல்லவே இல்லை. ஹாஸ்டலிலிருந்து தீபாவளிக்கு வந்தபோது மூலையில் பாய் மட்டும் இருந்தது.

பதினெட்டு வருடம் கழித்து, வீணையின் மெட்டு (உங்கள் ஃப்ரெட் மாதிரி) சரி செய்கிற ஒருவரிடம் வேறு வீணைக்காகப் போனபோது பேச்சுவாக்கில் விசாரித்தேன். தண்டியின் நுனியில் இருக்கும் யாளித் தலையின் ஒரு காது உடைந்து சந்தன மரத்தில் ஒட்டுப் போட்டிருக்குமே என்றேன். "அட, அதுக்கு நான்தாம்மா போன மாசம் மேளம் கட்டினேன்" என்றார். மெட்டுகளை மெழுகில் பதிப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். மயிலாடுதுறையில் ஒரு டீச்சர் வீடு. போனேன். உங்கள் ஒஹாயோக்காரர் மாதிரிதான், தர முடியாது என்றார்கள். அவர்கள் பெண் அதில்தான் கற்றுக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு மெட்டும் புது மெழுகில் கறுப்பாக மினுமினுத்தது. சுருதி சேர்த்து என் கையில் கொடுத்து "நீங்க வாசிங்க" என்றார்கள்.

இப்போது வருடத்துக்கு இரண்டு தடவையாவது போவேன். சரஸ்வதி பூஜை அன்றைக்குக் கண்டிப்பாக. அந்தப் பெண் இப்போது என்னை விட நன்றாக வாசிக்கிறாள். சில நாள் அதுவே எரிச்சலாகவும் இருக்கும், பொய் சொல்வானேன்.

—

ஆறாம்கம்பி, சிங்கப்பூர்:

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். நானும் விற்ற ஆர்ச்டாப் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். ஆர்டர் கொடுத்துச் செய்தது இல்லை, கடையில் வாங்கியது, மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த லேமினேட் பலகை. எட்டு மாதத்தில் மறுபடி விற்றுவிட்டேன். கழுத்து என் நினைவில் இருந்ததை விடத் தடிமன். நடுவில் என் கைதான் மெல்லிய கழுத்துக்குப் பழகிவிட்டிருந்தது. இரண்டாம் தடவை விற்றபோது வருத்தம் வரவே இல்லை, பெட்டி வைக்க இடம் கிடைத்தது.

—

புதுக்கம்பி, கோவை:

கம்பிக்காரன் சார், இரண்டு கேள்வி. ஒன்று, இப்படிப்பட்ட கிட்டாரை கூரியரில் அனுப்பினால் என்ன கவனிக்க வேண்டும்? நானும் ஒன்றை வெளியூரிலிருந்து வாங்கப் போகிறேன். இரண்டு, அந்தப் புள்ளியை யார் வைத்தது? தெரிந்ததா?

—

கம்பிக்காரன், நியூஜெர்சி:

பலாக்கொட்டை, அந்த எரிச்சல் எனக்கும் புரிகிறது. ஃப்ரெட் தேய்மானத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது அதுதான், உருக்கம் இரண்டாவதாகத்தான் வந்தது. ஆறாம்கம்பி சொல்வதும் சரி. எனக்கும் முதல் இரண்டு வாரம் கழுத்து அந்நியமாகத்தான் இருந்தது.

கூரியர் விஷயம்: ஆர்ச்டாப்பில் குதிரை ஒட்டப்பட்டிருக்காது. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. கம்பியை முழுக்கத் தளர்த்தினால் குதிரை நகரும், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் ஆடி மேல்பலகையில் கீறும். இரண்டு சுருதி இறக்கினால் போதும். குதிரையின் இரு பக்கமும், டெயில்பீஸுக்கு அடியிலும் மெல்லிய துணி மடித்து வைக்கச் சொல்லுங்கள். தலைப்பகுதிக்குக் கீழே பெட்டிக்குள் இடைவெளி இருக்கக் கூடாது. கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அங்கேதான். கோவையில் மரம் வறண்டுபோகிற கவலை குறைவு, ஆனால் ஏசி அறையில் இரவு பகலாக வைக்காதீர்கள். செதுக்கிய பலகைக்கு 45 முதல் 50 சதவீத ஈரப்பதம் இருந்தால் நல்லது. இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் 30க்கும் கீழே போய்விடுகிறது, அந்த விரிசலும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

புள்ளி: பஃபலோக்காரரைக் கேட்டேன். லேபிளில் அவர் கை வைத்ததே இல்லையாம். 2016ல் டொரொன்டோவில் ஒரு கடையில் வாங்கினாராம். கடைக்காரரிடமும் விசாரித்துப் பார்த்தார், யார் கொண்டுவந்து கொடுத்தது என்பதற்குக் கணக்கு இல்லை. எஃப் துளையின் அகலம் ஒரு விரல் கூடப் போகாது. ஒரு குச்சியில் பேனாவைக் கட்டி, கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு சாப்ஸ்டிக்கில் ரீஃபில் கட்டி, அட்டைப்பெட்டியில் அதே அளவு துளை போட்டு, உள்ளே ஒட்டிய தாளில் முயன்று பார்த்தேன். ஒன்பது தடவை. ஒன்று கூட ம் மேலே நேராக விழவில்லை.