ஃபிளாஷ் பவுடர் காலத்தில் நிஜமாகவே தீப்பிடித்ததா?

கேமரா பித்தன்: பழைய படங்களில் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒரு கையில் தட்டு மாதிரி ஒன்றைத் தூக்கிப் பிடிப்பார். டப்பென்று வெளிச்சம், அப்புறம் ஒரே புகை. நிஜத்திலும் விபத்து நடந்திருக்கிறதா?

இருட்டறை: நிறைய. 1887இல் ஜெர்மனியில் மீத்தேவும் கேடிக்கேவும் கொண்டுவந்த ஃபிளாஷ் பவுடர், அதாவது படம் எடுக்க வெளிச்சம் தரக் கொளுத்தும் கலவையில், மெக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமனி சல்ஃபைடும் இருந்தன. கடைசி இரண்டும் சேர்ந்தால் உரசலே போதும், பற்றிக்கொள்ளும். அதனால் தனித்தனியாக வைத்திருந்து, எடுக்கப்போகும் நேரத்தில் காகிதத்தில் கொட்டி மெல்லப் புரட்டிக் கலக்க வேண்டும். குழவி போட்டு அரைத்தால் கை போய்விடும். என்னிடம் அந்தக் காலத் தட்டு ஒன்று இருக்கிறது. பொறி பறக்கவிடும் சிறு சக்கரத்தைச் சுற்றி உலோகம் கறுத்து நெளிந்திருக்கிறது. அதை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

புகையைப் பற்றிக் கேட்டீர்களே, அது மெக்னீசியம் ஆக்சைடு, வெள்ளைப் பொடி. அறை முழுக்க மிதக்கும். இரண்டாவது படம் எடுக்கச் சன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

செய்திப் பிரியை: ஜேக்கப் ரீஸ் பெயரைச் சொல்லாமல் விடலாமா? நியூயார்க்கில் போலீஸ் செய்தி சேகரித்தவர். முதலில் ஃபிளாஷ் பவுடரைத் துப்பாக்கியில் தோட்டாவாகப் போட்டுச் சுட்டார். சேரி மக்கள் மிரண்டு ஓடியதால் வாணலியில் கொட்டிக் கொளுத்தும் முறைக்கு மாறினார். இரண்டு முறை வீட்டுக்கும் ஒரு முறை தனக்கும் தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். மூக்குக்கண்ணாடிதான் கண்ணைக் காப்பாற்றியது. இன்னொரு முறை, பார்வையற்ற ஐந்து பேர் இருந்த மாடி அறையில் சுவரில் தொங்கிய காகிதமும் கந்தலும் பற்றிக்கொண்டன. அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. தனி ஆளாக அவர் போராடி அணைத்தார். அந்தச் சுவரில் அழுக்கு அவ்வளவு தடிமன், அதுவே தீயை அணைத்துவிடும் என்று ஒரு போலீஸ்காரர் பிறகு சொன்னாராம்.

கேமரா பித்தன்: அப்போ ஃபிளாஷ் பல்பு வந்ததும் ஆபத்து போய்விட்டதா?

இருட்டறை: பெருமளவு போனது. 1929, 30 வாக்கில் பல்பு விற்பனைக்கு வந்தது. உள்ளே அலுமினியத் தாள், சுற்றிலும் ஆக்சிஜன். புகை வெளியே வராது. ஆனால் மயிரிழை விரிசல் வழியாகக் காற்று புகுந்திருந்தால் கண்ணாடி வெடித்துச் சிதறும். அதனால் மேலே அரக்குப் பூச்சு கொடுத்தார்கள். உள்ளே ஒரு நீலப்பொட்டும் வைத்தார்கள். அது இளஞ்சிவப்பாகியிருந்தால் ஈரக்காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட வேண்டும்.