முயலுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சு 20 மணி நேரம் ஆச்சு, புல்லைத் தொடல

குழித்துறை_முயல்குட்டி
8 மாசப் பெட்டை, 1.8 கிலோ. நேத்து மதியம் 12 மணிக்கு ஆபரேஷன். இப்போ காலை 8 மணி. வெள்ளம் கொஞ்சம் நக்குச்சு, புல் வேண்டாங்குது. ராத்திரில இருந்து புழுக்கை நாலே நாலு, மிளகு அளவுதான். வலிக்கு மெலாக்சிகாம் ஒரு நாளைக்கு ஒரு வேளை எழுதிருக்காங்க. கழுத்துல பிளாஸ்டிக் கூம்பு, கூட்டுல மரத்தூள். கஞ்சி வெள்ளம் குடுக்கலாமா? காயத்துல மஞ்சள் பத்து போடலாம்னு அம்மா சொல்றாங்க.

கூட்டுக்காரன்
இனி காத்திருக்காதீங்க. ஆபரேஷன் பண்ணின டாக்டரை இப்பவே கூப்பிட்டு, "20 மணி நேரமா சாப்பிடல, புழுக்கை நாலு" என்று அப்படியே சொல்லுங்க. முயலுக்குக் குடல் ஓடிக்கிட்டே இருக்கணும். வலியில குடல் மந்தமாகும், வாயு கட்டும், அதுல வலி இன்னும் கூடும். மெலாக்சிகாம் மட்டும் போதுமா, வேற வலி மருந்து சேர்க்கணுமான்னு கேளுங்க. பாட்டிலையும் பாருங்க: சிலதுல மில்லிக்கு 0.5 மில்லிகிராம், சிலதுல 1.5. சீட்டுல எழுதினது எந்த பாட்டிலுக்குன்னு தெரியாம மில்லி கணக்குல குடுத்தா மூணு மடங்கு மாறிப்போகும்.

வயிறு மெத்துன்னு இருந்தா மட்டும் ஊட்டுங்க. மத்தளம் மாதிரி விறைச்சிருந்தாலோ, காது சில்லுன்னு இருந்தாலோ ஊட்டாம நேரே தூக்கிட்டு ஓடுங்க, அடைப்பா இருக்கலாம். உடல் சூடு 38.5-ல இருந்து 40 டிகிரி செல்சியஸ் வரை சரி. 38-க்குக் கீழ போனா அவசரம்.

முயல் தீவனக் குச்சியை (பெல்லட்) மிக்சியில நல்லா பொடிச்சு, ஒரு பங்குக்கு இரண்டு மூணு பங்கு வெதுவெதுப்பான வெள்ளம் விட்டு 10 நிமிஷம் ஊற வச்சு வடிகட்டுங்க, இல்லன்னா சிரிஞ்சு முனை அடைக்கும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 மில்லி, அதாவது 18 மில்லி. நாளைக்கு நாலஞ்சு வேளை. முன்பல்லுக்குப் பின்னால பக்கவாட்டு இடைவெளியில ஊசி இல்லாத சிரிஞ்சை வச்சு ஒரு மில்லி. மென்னு விழுங்கின பிறகு அடுத்த மில்லி. மல்லாக்கப் போட்டா நுரையீரலுக்குள்ள போயிரும். கஞ்சி வேண்டாம், மாவுச்சத்துல குடல் கிருமிகளோட சமநிலை கெட்டுப்போகும்.

மார்த்தாண்டம்_பச்சைப்புல்
கூம்பும் ஒரு காரணமாக்கும். முயல் தன் மென்புழுக்கையை ஆசனவாயில இருந்தே எடுத்துத் தின்னும். கூம்பு அதைத் தடுக்கும், புல்லுக்கும் குனிய விடாது. டாக்டர் சரின்னா கழட்டிட்டு, கைக்குழந்தை பனியன்ல முன்கால் நுழையிற அளவு ஓட்டை போட்டு மாட்டுங்க. பின்பக்கம் ஈரமாகாம சுருட்டி வைங்க.

மரத்தூளை வாரிட்டுப் பழைய துண்டு விரிங்க, தூள் காயத்துல ஒட்டும். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வேண்டவே வேண்டாம்: நக்க வைக்கும், ரோமம் பிசுபிசுக்கும், ஈ மொய்க்கும். மழை ஓயாத நம்ம ஊருல ஈதான் பெரிய எதிரி. ஈ காயத்துல முட்டை வச்சா ஒரே நாள்ல புழு வந்திரும். கூட்டுக்கு நைலான் வலை போட்டு, காலையும் ராத்திரியும் டார்ச் அடிச்சுக் காயத்தையும் வாலடியையும் பாருங்க. லேசான சிவப்பு, கடலை அளவு வீக்கம் சாதாரணம். நாளுக்கு நாள் பெருத்தா, நாறினா, நீர் கசிஞ்சா காட்டணும். 10 நாளாவது குதிக்க விடாதீங்க.

வேலிமசால்
பசியைத் தூண்ட கொத்தமல்லி, அருகம்புல் வச்சுப் பாருங்க. மரச்சீனி இலை, ரப்பர் இலை ரெண்டும் கூடாது, சயனைடு விஷம் உண்டு. வீட்டுல மீந்த அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக் சிரப்பை ஊத்திராதீங்க மக்கா, வாய் வழியா முயலுக்கு அது உயிரையே எடுத்திரும்.

குழித்துறை_முயல்குட்டி
வயிறு மெத்துன்னு இருக்கு. 12 மில்லி இறங்கிச்சு. 11 மணிக்குக் கொண்டு வரச் சொல்லிருக்காங்க.

கூட்டுக்காரன்
நல்லது. அட்டைப்பெட்டியில துண்டு விரிச்சு, காத்து போக ஓட்டை போட்டு, வெயில் படாமக் கொண்டு போங்க. அந்த நாலு புழுக்கையையும் காகிதத்துல பொதிஞ்சு எடுத்துக்கோங்க, மருந்து பாட்டிலையும் மறக்காதீங்க.